சிட்டை நிரம்பினால் பேரேடு என்ன ஆகும்?

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கு எழுதும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? மாலை நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் அவர் பெரிய பேரேட்டைத் திறந்து, வாங்கியவரின் பக்கத்தைத் தேடி எழுதிக்கொண்டிருப்பதில்லை. கையருகே ஒரு சிட்டை வைத்திருக்கிறார். இன்னார், இன்ன பொருள், இவ்வளவு தொகை என்று ஒன்றன் கீழ் ஒன்றாகக் குறித்துக்கொண்டே போகிறார். கடையை மூடிய பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் பதிகிறார்.

உலகெங்கும் உள்ள பெரிய கணிப்பொறிகள் தம் கணக்குகளைக் காப்பாற்றிக்கொள்வதும் இதே முறையில்தான். அங்கே பேரேட்டின் பெயர் தரவுத்தளம். சிட்டையின் பெயர் மீட்புப் பதிவேடு. ஆங்கிலத்தில் இதை ரெக்கவரி லாக் என்பர். இந்தப் பதிவேட்டுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்? நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் எப்படி? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நகல்களைக் காக்கும் கணிப்பொறி

ஒரு கல்லூரியில் 200 கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் மாணவர்களின் மதிப்பெண்கள், நூலகக் கணக்கு, ஆய்வுக்கூட அளவீடுகள் எனப் பலவும் உள்ளன. ஏதேனும் ஒன்று பழுதானால் அதிலுள்ளவை அழிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இரவும் எல்லாக் கணிப்பொறிகளிலும் அன்று மாறிய கோப்புகளின் நகல் ஒரு தனிக் கணிப்பொறிக்கு அனுப்பப்படுகிறது. இதுவே பேக்கப் சர்வர். அது நகல்களை வட்டுகளிலும் காந்த நாடாக்களிலும் சேர்த்து வைக்கிறது.

காந்த நாடா பழங்காலத்துப் பொருள் என்று எண்ண வேண்டாம். 2021-இல் வந்த எல்.டி.ஓ.-9 வகை நாடாப் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். அதனுள் சுற்றியுள்ள நாடாவின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதில் 18 டெராபைட், அதாவது 18,000 ஜிகாபைட் செய்தி கொள்ளும்.

இந்த நாடாவில் ஒரே கணிப்பொறியின் கோப்புகள் ஒழுங்காக ஒன்றையடுத்து ஒன்று இருப்பதில்லை. பல கணிப்பொறிகளிலிருந்து வந்த கோப்புகள் வந்த வரிசையில் கலந்து கிடக்கும். எந்தக் கோப்பு எந்த நாடாவில் எந்த இடத்தில் உள்ளது என்பதைச் சொல்வது பேக்கப் சர்வரின் தரவுத்தளம் ஒன்றே. அது போய்விட்டால், அட்டவணையும் அலமாரி எண்ணும் இல்லாத நூலகத்தில் லட்சம் நூல்களின் தாள்களைப் பிரித்துக் கலந்து போட்டதற்கு ஒப்பாகும். நாடாக்கள் கெடாமல் இருந்தும் பயனில்லை. மற்றவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் கணிப்பொறி தன் தரவுத்தளத்தை எவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பாதியில் மின்சாரம் போனால்?

ஒரு கோப்பை 17-ஆம் நாடாவிலிருந்து 42-ஆம் நாடாவுக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். கோப்பை 42-இல் எழுதியபின் தரவுத்தளத்தில் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டும்.

1. 17-ஆம் நாடாவில் அந்த இடம் காலி.
2. கோப்பு இப்போது 42-ஆம் நாடாவில் உள்ளது.

முதல் மாற்றம் எழுதப்பட்டு, இரண்டாவது எழுதப்படுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது தரவுத்தளத்தின்படி கோப்பு எங்கும் இல்லை! 17-ஆம் நாடாவில் காலி என்று குறித்த இடம் பின்னர் வேறு வேலைக்குப் போய்விடும். 42-இல் கோப்பு இருந்தும் அதை யாரும் தேடப்போவதில்லை. ஒரு விநாடியில் ஒரு சிறு பகுதி தவறியதால் ஒரு நகல் அடியோடு தொலைந்தது.

இதைத் தடுக்கும் விதி எளியது: 'தரவுத்தளத்தைத் தொடுவதற்கு முன் பதிவேட்டில் எழுது.' செய்யப்போகும் இரு மாற்றங்களும், அவற்றின் பழைய நிலையும் புதிய நிலையும், பதிவேட்டில் முதலில் எழுதப்படும். இறுதியில் 'வேலை முடிந்தது' என்ற குறிப்பும் எழுதப்படும். இது வட்டில் பதிந்தபின்தான் வேலை முடிந்ததாக மற்றக் கணிப்பொறிக்குப் பதில் போகும்.

மின்சாரம் திரும்பி வந்ததும் சர்வர் பதிவேட்டைப் படிக்கும். 'முடிந்தது' என்ற குறிப்பு இருந்தால், விட்டுப்போன மாற்றங்களைத் திரும்பச் செய்யும். அக்குறிப்பு இல்லையென்றால், அரைகுறையாகச் செய்தவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எப்படியாயினும் அந்த வேலை முழுவதும் நடந்திருக்கும், அல்லது சிறிதும் நடந்திராது. நடுநிலை இல்லை.

இத்தகைய பிரிக்கமுடியாத வேலைத் தொகுதியை டிரான்சாக்ஷன் என்பர். இதன் கருத்துகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே. 1998-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு பெற்றவர். பதிவேட்டைக் கொண்டு மீட்கும் முறையைச் செம்மையாக்கியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் வேதிப் பொறியியல் பட்டம் பெற்ற இவர், பின்னர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். இவரும் நான்கு துணை ஆசிரியர்களும் 1992-இல் விரிவாக வெளியிட்ட முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். பதிவேட்டை ஆராய்தல், மீண்டும் செய்தல், நீக்குதல் என்னும் மூன்று படிகளை உடையது அது. இன்று பல தரவுத்தளங்கள் இதன் அடிப்படையில் இயங்குகின்றன.

இருமுறை எழுதினால் தாமதம் ஆகாதா?

நல்ல கேள்வி. விடையை இயற்பியல் தரும். நிமிடத்திற்கு 7,200 சுற்றுகள் சுழலும் ஒரு காந்த வட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒரு விநாடியில் சுற்றுகள் = 7,200 ÷ 60 = 120
ஒரு சுற்றுக்கு நேரம் = 1 ÷ 120 விநாடி = 8.3 மில்லிவிநாடி

நமக்கு வேண்டிய இடம் எழுதும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ 4 மில்லிவிநாடி. அதற்கு முன் முனை சரியான வட்டப்பாதைக்கு நகர வேண்டும். அதற்கு 8 மில்லிவிநாடி எனக் கொள்வோம். ஆகக் கூடுதல் 12 மில்லிவிநாடி. தரவுத்தளத்தில் சிதறிக் கிடக்கும் 1,000 இடங்களில் எழுத 12 விநாடிகள் ஆகும்.

பதிவேட்டிலோ முனை அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. 1,000 குறிப்புகள், ஒவ்வொன்றும் 3,000 பைட் என்றால் மொத்தம் 3 மெகாபைட். விநாடிக்கு 150 மெகாபைட் எழுதும் வட்டில் இதைத் தொடர்ச்சியாக எழுத 0.02 விநாடி போதும். தொடக்கத்தில் ஒருமுறை இடம் தேடும் நேரத்தைச் சேர்த்தாலும் 0.03 விநாடிதான். ஏறத்தாழ 400 மடங்கு விரைவு! சிட்டையில் விரைவாக எழுதிவிட்டு, பேரேட்டில் சாவகாசமாகப் பதிவதன் இரகசியம் இதுவே. சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இந்த வேறுபாடு குறைவு. ஆனால் முதலில் பதிவேடு என்ற விதி அங்கும் மாறுவதில்லை.

வட்டமாகச் சுற்றும் பதிவேடு

பதிவேட்டுக்கு எல்லையற்ற இடம் கொடுக்க முடியாது. எனவே கடைசிப் பக்கம் எழுதி முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, பழையதன் மேல் எழுதுவார்கள். கடிகார முகப்பைப் போல அதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிய குறிப்பு எழுதப்படும் இடம் தலை. இன்னும் தேவைப்படும் மிகப் பழைய குறிப்பு உள்ள இடம் வால். தலை முன்னே ஓடுகிறது. வால் பின்னே தொடர்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டது அழிக்கக் கூடாத பகுதி. தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாலைத் தொட்டுவிட்டால் பதிவேடு நிரம்பிவிட்டது என்று பொருள்.

வால் எப்போது நகரும்? இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது சாதாரண முறை. ஒரு வேலை முடிந்து, அதன் மாற்றங்கள் தரவுத்தளத்திலும் பதிந்துவிட்டால் அதன் குறிப்புகள் தேவையில்லை, வால் நகரலாம். இம்முறை மின்தடையைச் சமாளிக்கும். ஆனால் தரவுத்தளம் உள்ள வட்டே உடைந்துபோனால், கடைசியாக எடுத்த தரவுத்தள நகலின் நிலைக்குத்தான் திரும்ப முடியும். அதன் பிறகு நடந்தவை போயின.

இரண்டாவது முன்னுருட்டு முறை. இதை ரோல் ஃபார்வர்டு என்பர். கடைசியாகத் தரவுத்தள நகல் எடுத்த நேரம் முதல் நடந்த அனைத்தும் பதிவேட்டில் காக்கப்படும். வட்டு உடைந்தாலும் பழைய நகலை வைத்து, அதன்மேல் பதிவேட்டிலுள்ளவற்றை வரிசையாகச் செய்துகொண்டே வந்தால் உடைந்த கணம் வரை மீட்டுவிடலாம். பாதுகாப்பு மிகுதி, ஆனால் இடமும் மிகுதியாகத் தேவை. பதிவேடும் தரவுத்தளமும் ஒரே வட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும் என்பதால், அவற்றை வெவ்வேறு வட்டுகளில் வைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

தொட்டிக் கணக்கு

கணக்குப் பாடத்தில் தொட்டியும் குழாயும் பற்றிய கணக்குகள் செய்திருப்பீர்கள். பதிவேட்டின் அளவும் அதே கணக்குத்தான்.

நம் கல்லூரியில் 200 கணிப்பொறிகள். ஒவ்வொன்றிலிருந்தும் இரவில் 5,000 கோப்புகள். ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் 3,000 பைட் எனக் கொள்வோம்.

200 × 5,000 × 3,000 = 300 கோடி பைட் = 3 ஜிகாபைட்

வேலை இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை, 6 மணி நேரம் சீராக நடக்கிறது. ஆகவே நீர்வரத்து மணிக்கு அரை ஜிகாபைட்.

முதலில் சாதாரண முறை. பதிவேடு 2 ஜிகாபைட். வேலைகள் சிறிது சிறிதாக முடிந்து வால் நகர்ந்துகொண்டே இருந்தால் இதுவே தாராளம். ஆனால் ஒரு பழைய கணிப்பொறி, மெதுவான இணைப்பின் வழியே, 10 மணிக்கு ஒரு பெரிய வேலையைத் தொடங்கி 4 மணி வரை முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வேலை முடியும்வரை வால் 10 மணிக் குறிப்பிலேயே கட்டுண்டு நிற்கும். மற்ற 199 கணிப்பொறிகளின் முடிந்துபோன குறிப்புகளும் அதன் பின்னால் தேங்கும். 2 ÷ 0.5 = 4 மணி நேரம். சரியாக இரவு 2 மணிக்குப் பதிவேடு நிரம்பும். பதிவேட்டில் எழுத முடியாதபோது தரவுத்தளத்தைத் தொடக்கூடாது என்பது விதியாதலால், சர்வர் தன் வேலையை நிறுத்திவிடும். அன்றிரவு எஞ்சிய கோப்புகளுக்கு நகல் இல்லை.

அடுத்து முன்னுருட்டு முறை. பதிவேடு 4 ஜிகாபைட். தினமும் காலை 6 மணிக்குத் தரவுத்தள நகல் எடுக்கிறார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி காலை நகல் எடுத்தாயிற்று. அன்றிரவு 3 ஜிகாபைட் சேர்ந்தது. மீதி 1 ஜிகாபைட். சனி இரவு 10 மணிக்கு வேலை மீண்டும் தொடங்குகிறது. நள்ளிரவு 12 மணிக்குத் தொட்டி நிரம்பிவிடும். திங்கட்கிழமை காலை வரை தாங்க வேண்டுமானால் 3 இரவுகளுக்கு 9 ஜிகாபைட் வேண்டும். எதிர்பாராத வேலைக்கும் இடம் விட்டு 12 ஜிகாபைட் வைப்பது நலம்.

வேறு வழியும் உண்டு. தொட்டியைப் பெரிதாக்காமல், வடிகாலை அடிக்கடி திறக்கலாம். அதாவது பதிவேடு குறிப்பிட்ட விழுக்காடு நிரம்பியதும், ஆள் இல்லாவிட்டாலும், தரவுத்தள நகலைத் தானே எடுக்கும்படி அமைத்துவிடலாம். நகல் எடுத்து முடிந்ததும் அது தொடங்கிய நேரம் வரையுள்ள குறிப்புகள் விடுபடும். நகல் எடுக்கும் நேரத்திலும் வரத்து நிற்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 90 விழுக்காட்டில் வடிகாலைத் திறப்பவன் தொட்டி வழிவதைப் பார்க்கத்தான் நேரிடும்.

பெரிதாக்கலும் சிறிதாக்கலும்

1993-இல் வேறு பெயரில் வெளிவந்து, பின்னர் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் எனப் பெயர் பெற்ற ஐ.பி.எம். நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் 5-ஆம் பதிப்பு வரை மீட்புப் பதிவேடு 13 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. வேலை பெருகிய இடங்களில் இந்த எல்லையோடு போராட வேண்டியிருந்தது. 2009-இல் வந்த 6-ஆம் பதிப்பில் அதன் தரவுத்தளமே மாற்றப்பட்டு, ஐ.பி.எம்.மின் டி.பி.2 தரவுத்தளம் உள்ளே வைக்கப்பட்டது. பதிவேடும் இரண்டாகப் பிரிந்தது. நடப்பு வேலைக்கு 'செயற்பதிவேடு'. நிறைந்த பகுதிகளை அடுத்த தரவுத்தள நகல் வரை சேர்த்துவைக்க 'சேமிப்புப் பதிவேடு'. செயற்பதிவேடு 512 மெகாபைட் கொண்ட கோப்புகளாக அமைந்தது. 16 ஜிகாபைட் ஒதுக்கினால் 32 கோப்புகள்.

எந்த மென்பொருளாயினும் அளவை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை:

ஒன்று: நிரம்புவதற்கு முன்பே பெரிதாக்க வேண்டும். நிரம்பிய பின், நடக்கும் வேலையை ரத்து செய்து இடம் பெறலாமே என்று தோன்றும். ஆனால் ரத்து செய்வதும் ஒரு மாற்றம். அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்! அதற்கும் இடம் வேண்டும். சர்வர் நின்றுபோனபின் அதை மீண்டும் எழுப்பத் தனி ஏற்பாடுகள் தேவைப்படும்.

இரண்டு: பதிவேடு இருக்கும் வட்டில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமைப்பில் எண்ணை மட்டும் பெரிதாக்கி, வட்டில் இடமில்லாவிட்டால், அது தொட்டியில் கோட்டை மட்டும் உயர்த்தி வரைந்தது போலத்தான்.

மூன்று: சிறிதாக்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். நீக்கப்போகும் பகுதியில் தேவையான குறிப்புகள் இருக்கலாம். முதலில் நீண்ட வேலைகளை முடியவிட்டு, தரவுத்தள நகல் எடுத்து, வாலைத் தலையருகே கொண்டுவந்த பிறகே குறைக்க வேண்டும்.

நான்கு: இடம் போதவில்லை என்று பதிவேட்டுக் கோப்புகளைக் கையால் அழிப்பது கூடவே கூடாது. பேரேட்டில் ஏற்றாத சிட்டைத் தாளைக் கிழிப்பதும் இதுவும் ஒன்றே.

2017-இல் நடந்தது

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் நாள் நடந்த விபத்தை அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டது. அங்கே முதன்மைச் சர்வர் ஒன்று, துணைச் சர்வர் ஒன்று. முதன்மைச் சர்வரின் பதிவேட்டைத் தொடர்ந்து படித்துப் படித்தே துணைச் சர்வர் தன்னை அதற்கு ஒப்பாக வைத்துக்கொண்டிருந்தது. அன்று மாலை வேலைப்பளு திடீரெனப் பெருகியது. துணைச் சர்வர் பின்தங்கியது. அது படித்து முடிப்பதற்குள் முதன்மைச் சர்வர் தன் பழைய பதிவேட்டுப் பகுதிகளை நீக்கிவிட்டது. அவற்றைத் தனியே சேமித்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஆகவே ஒப்புமை அறுந்தது.

துணைச் சர்வரை வெறுமையாக்கிப் புதிதாக நகல் எடுக்க முயன்றபோது, பொறியாளர் தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உடனே உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. தினசரி நகல்களைத் தேடினர். மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் அவை எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்த தரவுத்தளச் செய்திகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் வரை இழப்பு என்று மதிப்பிட்டனர்.

இந்த விபத்தில் கடைசித் தவறு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன்னதாகப் பதிவேட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்ற சிறு கணக்கு அங்கே போதாமல் இருந்தது. அந்தக் கணக்குப் போதுமானதாக இருந்திருந்தால், துணைச் சர்வரை வெறுமையாக்கும் தேவையே எழுந்திராது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு பதிவேடு 4 ஜிகாபைட். முன்னுருட்டு முறையில் இயங்குகிறது. தரவுத்தள நகல் எடுக்க 1 மணி நேரம் ஆகிறது. வரத்து மணிக்கு 0.5 ஜிகாபைட். 75 விழுக்காடு நிரம்பியதும் நகல் தொடங்கினால் தாங்குமா?

2. அதே பதிவேட்டில் வரத்து மணிக்கு 1.5 ஜிகாபைட்டாக உயர்ந்தால் 75 விழுக்காடு பொருந்துமா? 50 விழுக்காடு என்றால்?

3. வரத்து மணிக்கு 1.5 ஜிகாபைட், நகல் எடுக்கும் நேரம் 2 மணி. எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். 50 விழுக்காட்டில் நகல் தொடங்க வேண்டும். பதிவேட்டின் அளவு குறைந்தது எவ்வளவு?

விடைகள்

1. 75 விழுக்காடு = 3 ஜிகாபைட். 3 + 0.5 = 3.5. தாங்கும்.
2. 3 + 1.5 = 4.5, நிரம்பி நின்றுவிடும். 50 விழுக்காட்டில் 2 + 1.5 = 3.5, தாங்கும்.
3. 50 முதல் 80 விழுக்காடு வரையுள்ள 30 விழுக்காட்டில் 1.5 × 2 = 3 ஜிகாபைட் அடங்க வேண்டும். ஆகவே அளவு 3 ÷ 0.3 = 10 ஜிகாபைட்.